நந்தா விளக்கும் பள்ளிக்கூடத்து நர்ஸும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த அறக்கட்டளையை நிறுவிய அம்மையார் ஒரு தலைமை ஆசிரியை. ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த பணத்தில் ஒரு பகுதியை இந்தக் கல்லூரியின் பெயரில் வங்கியில் போட்டார். முதலைத் தொடக்கூடாது, வட்டியைக் கொண்டு ஆண்டுக்கு ஒரு சொற்பொழிவு நடக்க வேண்டும் என்று எழுதி வைத்தார். அதே பணத்தில் தம் பெயரைப் பொறித்து ஒரு நுழைவாயில் வளைவு கட்டியிருக்கலாம். அவர் ஆண்டுதோறும் நடக்க வேண்டிய ஒரு காரியத்துக்கு வழி செய்துவிட்டுப் போனார். பள்ளிப் பிள்ளைகளின் உடல்நலத்துக்கு அரசு தரும் பணமும் இப்படித்தான் வர வேண்டும் என்பதே இன்று நான் சொல்ல வந்தது.

நம் கோயில் கல்வெட்டுகளைப் படித்தவர்களுக்கு நந்தா விளக்குக் கொடை தெரிந்திருக்கும். இரவும் பகலும் அணையாமல் எரிய வேண்டிய விளக்கு அது. சோழர் காலத்தில் ஒரு நந்தா விளக்குக்குப் பெரும்பாலும் தொண்ணூற்றாறு ஆடுகளைக் கொடையாகக் கொடுத்தார்கள். ஆடுகள் இடையரிடம் போகும். அவர் நாள்தோறும் இவ்வளவு நெய் என்று கோயிலுக்கு அளக்க வேண்டும். செத்த ஆட்டுக்கும் கிழடான ஆட்டுக்கும் பதிலாகக் குட்டிகள் வந்துகொண்டே இருக்கும். கணக்கில் தொண்ணூற்றாறு குறையாது. ஆகவேதான் அவற்றுக்குச் சாவா மூவாப் பேராடு என்று பெயர். விளக்குத்தண்டை வார்த்துக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று அந்தக் காலத்துக் கொடையாளி நினைக்கவில்லை. நாளைக்கும், அடுத்த மாதத்துக்கும், தாம் போன பிறகும் நெய் எங்கிருந்து வரும் என்று யோசித்திருக்கிறார்.

இந்த ஆடுகளை நான் நினைத்துக்கொள்ளக் காரணமாக இருந்தவன் ஒரு சிறுவன்.

அரசு மருத்துவராக இருந்தபோது பள்ளிகளுக்குச் செல்லும் நடமாடும் மருத்துவக் குழுவுடன் சில ஆண்டுகள் சுற்றியிருக்கிறேன். மத்திய அரசும் மாநில அரசும் பணம் பகிர்ந்து நடத்தும் தேசிய சிறார் நலத் திட்டம் அது; 2013-இல் தொடங்கியது. ஆர்பிஎஸ்கே என்றால் பள்ளிகளில் எல்லோருக்கும் புரியும். பிறவிக் குறைபாடுகள், சத்துக் குறைவால் வருபவை, பிள்ளைப் பருவ நோய்கள், வளர்ச்சித் தாமதங்கள் என நான்கு வகையில் அப்போது 30 நிலைமைகளைப் பார்த்துக் குறிக்க வேண்டியிருந்தது. அங்கன்வாடிக்கு ஆண்டில் இருமுறை, பள்ளிக்கு ஒருமுறை. வேனில் போய் இறங்குவோம். எச்.எம். அறைக்கு வெளியே வராந்தாவில் மேசை போடுவார்கள். உயரம், எடை, கண், பல், காது, தோல், நெஞ்சு என்று வரிசை நகரும். சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் முடித்தாக வேண்டும்.

அப்படி ஒரு வரிசையில், ஏழாம் வகுப்பில் படித்த ஒரு பையனின் இடது காதில் சீழ் வடிவதைப் பார்த்தேன். பக்கத்தில் உட்காரும் பிள்ளை மூக்கைப் பொத்திக்கொள்வதால் அவனைத் தனிப் பெஞ்சில் வைத்திருந்தார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்கும்படி சீட்டு எழுதினேன். அன்று பள்ளிக்கு வந்திருந்த அவன் அம்மாவைக் கூப்பிட்டுக் கையில் கொடுத்தேன். அவர் சீட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“போன வருசமும் இதே சீட்டத்தான் குடுத்தாங்க டாக்டரய்யா. அதுக்கு முந்தின வருசமும் குடுத்தாங்க. வீட்டுல ரெண்டும் பத்திரமா இருக்குது.”

“ஏம்மா கூட்டிட்டுப் போகல?” என்று கேட்டேன்.

“ரெண்டு பஸ் மாறணும். பன்னெண்டு மணிக்கு ஓ.பி. மூடிருவாங்க. ஒரு நா போனா நாளைக்கு வா, நாளான்னிக்கு வாங்கறாங்க. மூணு நா கூலி போனா நாங்க என்னத்தத் திங்கறது?”

மூன்று ஆண்டுகள், மூன்று சீட்டுகள். எங்கள் பதிவேட்டில் மூன்று முறையும் அவன் ‘கண்டறியப்பட்டவர்’ கணக்கில் ஏறியிருந்தான். அந்தத் தாயைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை, இன்றும் முடியாது. சீட்டு எழுதியதோடு என் கடமை முடிந்தது என்று நானும் பல பிள்ளைகள் விஷயத்தில் நம்பியிருந்தேன். அந்த முறை விடாமல் அலைந்து அவனுக்குச் சிகிச்சை கிடைக்கச் செய்தோம். அதற்குள் அந்தக் காதின் கேட்கும் திறனில் பெரும்பகுதி போய்விட்டிருந்தது.

இங்கே உட்கார்ந்திருக்கும் செவிலிய மாணவியருக்குத் தெரியும், நாட்பட்ட காதுச்சீழுக்கு முதலில் செய்ய வேண்டியது என்ன என்று. சுத்தமான துணித்திரியால் சீழை ஒற்றி எடுத்துக் காதை உலர வைக்க வேண்டும். பிறகு சொட்டு மருந்து. நாள்தோறும் செய்ய வேண்டும்; இரண்டு மூன்று வாரம் விடாமல் செய்ய வேண்டும். ஒரு நாளைக்குப் பத்து நிமிட வேலை. பள்ளிக்கூடத்திலேயே ஒரு நர்ஸ் இருந்திருந்தால், ஐந்தாம் வகுப்பிலேயே, காலை இடைவேளையிலேயே இந்த வேலை முடிந்திருக்கும். அதற்கும் ஆறாத காதுக்குத்தான் பெரிய ஆஸ்பத்திரி. அந்தப் பையனுக்குக் கிடைக்காமல் போனது ஆண்டுக்கு ஒருமுறை வரும் மருத்துவர் அல்ல. தினமும் வரும் நர்ஸ்.

சரியாக இதே சிக்கலை நியூயார்க் நகரம் நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்பு சந்தித்தது. அந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அரசுப் பணம் எப்படி வந்தது என்பதும் அதில் இருக்கிறது.

நியூயார்க்கின் கீழைப் பகுதியில் ஐரோப்பாவிலிருந்து வந்த ஏழைக் குடியேறிகள் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். அங்கே லில்லியன் வால்டு என்ற செவிலியர் 1893-இல் தங்கி, வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கினார். பின்னாளில் அந்தப் பணி ஹென்றி தெரு இல்லம் என்ற அமைப்பாயிற்று. தொடக்க காலத்தில் அவர் பார்த்தவர்களில் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் இருந்தான். தலையில் புண். பள்ளிக்குப் போனால் ஆசிரியை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். தாய் மருந்தகத்துக்கு அழைத்துப் போயிருக்கிறாள், களிம்பு தந்திருக்கிறார்கள். அதை எப்படித் தடவுவது, எத்தனை நாள் தடவுவது என்று யாரும் உட்கார்ந்து சொல்லித் தரவில்லை. புண் ஆறவில்லை, பையனுக்கு எழுத்து தெரியவில்லை. வால்டு அந்த மருந்தை முறைப்படி தடவிப் புண்ணை ஆற்றினார். பையன் பள்ளிக்குப் போனான்.

நகரச் சுகாதாரத் துறை 1897 முதல் பள்ளிகளுக்கு மருத்துவ ஆய்வாளர்களை அனுப்பிவந்தது. கண்நோய், படர்தாமரை, சிரங்கு, பேன் என்று எது கண்டாலும் பிள்ளையை வீட்டுக்கு அனுப்புவார்கள். மற்றப் பிள்ளைகளுக்குத் தொற்றக்கூடாது என்ற நோக்கம் சரிதான். ஆனால் வீட்டுக்குப் போன பிள்ளைக்கு மருந்து போட யாரும் இல்லை. அந்தப் பிள்ளை மாலையில் தெருவில் அதே வகுப்புப் பிள்ளைகளோடுதான் விளையாடியது. ஆய்வு கூடக் கூட வகுப்பறைகள் காலியாகின. 1902 செப்டம்பரில் ஒரே மாதத்தில் இப்படி விலக்கப்பட்ட எண்ணிக்கை 10,567.

வால்டு அதிகாரிகளிடம் போனார். எங்கள் இல்லத்திலிருந்து ஒரு நர்ஸை ஒரு மாதத்துக்கு அனுப்புகிறேன், சம்பளம் நாங்கள் தருகிறோம் என்றார். கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தார். சோதனை வெற்றி பெற்றால் நர்ஸுகளின் சம்பளத்தைப் பொதுப் பணத்திலிருந்து தருவதற்கு நீங்கள் முயல வேண்டும் என்று முன்கூட்டியே வாக்கு வாங்கிக்கொண்டார். இந்த நிபந்தனைக்காகவே அவரை நான் வணங்குகிறேன். தரும சிந்தனை உள்ள பலர் பள்ளிக்கு உதவ வருகிறார்கள். நாங்கள் கையை எடுத்த பிறகு இதை யார் ஏற்பது என்று முதல் நாளே அரசிடம் கேட்பவர் அரிது.

1902 அக்டோபர் 1 அன்று லீனா ராஜர்ஸ் என்ற கனடாக்காரச் செவிலியர் வேலையைத் தொடங்கினார். நான்கு பள்ளிகள், சுமார் 10,000 பிள்ளைகள். மருத்துவர் குறித்துக் கொடுத்த பிள்ளைகளின் கண்ணைக் கழுவினார், சிரங்குக்குக் களிம்பு தடவினார், கட்டுப் போட்டார். பள்ளி விட்ட பிறகு வீடுகளுக்குப் போய்ப் பேன் மருந்து எப்படிப் போடுவது, துணியை எப்படிக் கொதிக்க வைப்பது என்று தாய்மாருக்குச் செய்து காட்டினார். மருந்து கட்டிய பிள்ளை அன்றைக்கே வகுப்புக்குத் திரும்பியது. ஒரு மாதம் போதுமாக இருந்தது. நகர நிர்வாகம் 30,000 டாலர் ஒதுக்கி மேலும் நர்ஸுகளை வேலைக்கு எடுத்தது. அடுத்த ஆண்டு, 1903 செப்டம்பரில், விலக்கப்பட்ட எண்ணிக்கை 1,101.

அந்த 30,000 டாலர் எதற்கு ஒதுக்கப்பட்டது என்பதை மறுபடியும் சொல்கிறேன். நர்ஸுகளின் சம்பளத்துக்கு. கட்டடம் எழும்பவில்லை, விலையுயர்ந்த கருவி வாங்கப்படவில்லை. ஒரு மேசை, ஒரு நாற்காலி, கொஞ்சம் மருந்து, ஓர் ஆள்.

இங்கிலாந்து சுற்றி வளைத்து இதே இடத்துக்கு வந்தது. தென்னாப்பிரிக்கப் போருக்கு ஆள் எடுத்தபோது ஏழை இளைஞர்களில் பலர் உடல் தகுதியின்றித் திரும்ப அனுப்பப்பட்டார்கள். அதிர்ந்த அரசு 1907-இல் சட்டம் இயற்றிப் பள்ளிப் பிள்ளைகளை மருத்துவ ஆய்வு செய்வதைக் கட்டாயமாக்கியது. ஆனால் சிகிச்சை கட்டாயமில்லை. கண்டுபிடிக்கப் பணம் இருந்தது, குணமாக்க இல்லை. மார்கரெட் மக்மில்லன் அம்மையார் ஒரு சோப்புத் தொழிலதிபரின் உதவியுடன் 1908-இல் லண்டனின் போ பகுதியிலும், 1910-இல் டெட்ஃபோர்டிலும் பள்ளி மருத்துவ மையங்களைத் திறந்து நடத்திக் காட்டினார். அரசு சிகிச்சைக்கு மானியம் தரத் தொடங்கியது 1912-இல். தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிகிச்சையும் கடமை என்று சட்டம் சொன்னது 1918-இல். ஆய்வுக்கும் சிகிச்சைக்கும் நடுவே பதினோரு ஆண்டு. அந்த இடைவெளியில் பள்ளியை முடித்துப் போன பிள்ளைகளை நினைத்தால், காதில் சீழ் வடிந்த அந்தப் பையனின் மூன்று சீட்டுகள் கண்முன் வருகின்றன.

அமெரிக்காவிலும் 1902-இல் கற்ற பாடம் நிலைத்துவிடவில்லை. வெறும் நர்ஸ் அறையாக இல்லாமல் முழு மருத்துவ மையத்தையே பள்ளிக்குள் வைக்கும் முயற்சிகள் 1960-களின் பிற்பகுதியில் தொடங்கின. இன்று அப்படிச் சுமார் 3,900 மையங்கள் அங்கே உள்ளன, பெரிய சாதனை. ஆனால் ஒபாமா காலத்தில், 2010-இல் வந்த சட்டத்தைப் பாருங்கள். பள்ளி மருத்துவ மையங்களுக்காக ஆண்டுக்கு 5 கோடி டாலர் வீதம் நான்கு ஆண்டுக்கு 20 கோடி டாலர் ஒதுக்கினார்கள். அந்தப் பணத்தைக் கட்டடத்துக்கும் கருவிகளுக்கும் மட்டுமே செலவிடலாம். ஊழியர் சம்பளத்துக்கோ சிகிச்சைக்கோ பயன்படுத்தக்கூடாது என்று சட்டத்திலேயே எழுதினார்கள். மையத்தை நடத்துவதற்கான மானியத்துக்கு இன்னொரு உட்பிரிவில் அனுமதி இருந்தது. அதற்குப் பணம் ஒதுக்கவில்லை. நடத்தும் செலவுக்கு ஏழைகளுக்கான மெடிக்கெய்டு திட்டத்தை நம்ப வேண்டியிருந்தது. அங்கேயும் ஒரு தடை: எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசமாகச் செய்யும் சேவைக்கு அந்தத் திட்டம் பள்ளிகளுக்குப் பணம் தராது என்ற விதி 2014 டிசம்பர் வரை இருந்தது. எல்லோருக்கும் கொடுத்தால் யாருக்கும் பணம் இல்லை! உலகின் மிகச் செல்வந்த நாடு விளக்குத்தண்டுக்குப் பணம் கொடுத்துவிட்டு நெய்யை மறந்தது.

அங்கிருந்து நம் பாலாற்றங்கரைக்கு வருகிறேன். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடத்தில், காஞ்சிபுரம் மாவட்டத்தில், திருமுக்கூடல் என்ற ஊர் இருக்கிறது. அங்குள்ள பெருமாள் கோயிலில் பதினோராம் நூற்றாண்டின் வீரராசேந்திர சோழன் காலத்துப் பெரிய கல்வெட்டு ஒன்று உண்டு. கோயிலைச் சார்ந்து ஒரு வேதக் கல்லூரியும், மாணவர் விடுதியும், ஆதுலர்சாலை என்ற மருத்துவமனையும் இயங்கியதை அது சொல்கிறது. பதினைந்து படுக்கைகள். மாணவர்களும் ஆசிரியர்களும் கோயில் பணியாளர்களும் அங்கே சிகிச்சை பெற்றார்கள். ஒரு பொது மருத்துவர், அறுவை செய்பவர் ஒருவர், மூலிகையும் விறகும் கொண்டுவந்து மருந்து காய்ச்சுவோர், பணிவிடை செய்யும் பெண்கள் இருவர், நாவிதர் என ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு எவ்வளவு நெல், எவ்வளவு காசு என்று கல்லில் வெட்டியிருக்கிறார்கள். மருத்துவருக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். இருப்பில் இருக்க வேண்டிய மருந்துகளின் பெயர்களும் உண்டு. இரவில் எரியும் விளக்குக்கான எண்ணெய்க்கும் கணக்கு இருக்கிறது.

அது எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்குமான பள்ளி அல்ல. அந்தக் குறையை மறைத்துவிட்டுப் பழம்பெருமை பேச எனக்கு விருப்பமில்லை. ஆனால் நிர்வாகம் தெரிந்த ஒருவரின் அறிவு அந்தக் கல்வெட்டில் தெரிகிறது. கல்வி நடக்கும் இடத்திலேயே மருத்துவம் இருக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. மருத்துவமனை என்பது அங்கே வேலை பார்ப்பவர்களின் சம்பளம் என்பதும் தெரிந்திருக்கிறது.

அதற்கு எதிர்மாறான ஒரு நிகழ்ச்சி நம் சென்னையில் நடந்தது. 1920 செப்டம்பரில், சர் பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி மன்றம், ஆயிரம் விளக்குப் பகுதியின் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி தரத் தீர்மானித்தது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் செலவு. பள்ளிக்கு வரும் பிள்ளைகள் கூடினார்கள். மேலும் சில பள்ளிகளுக்குத் திட்டம் விரிந்தது. 1925-இல் அது நிறுத்தப்பட்டது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இதற்குச் செலவு செய்ய ஆங்கில அரசு அனுமதி மறுத்ததுதான் காரணம். பிள்ளைகளின் பசி தீர்ந்துவிடவில்லை. பணம் எந்தக் கணக்குத் தலைப்பில் இருக்கிறது என்பதுதான் பிரச்சினையாயிற்று. அரசாங்கத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இது வியப்பாக இருக்காது. நல்ல திட்டங்கள் பல, எதிரிகளால் சாவதில்லை. தமக்கென்று ஒரு கணக்குத் தலைப்பு இல்லாமல் சாகின்றன.

அந்தக் குறையைச் சரிசெய்ததும் இதே தமிழ்நாடுதான். 1956-இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டம் வந்தது. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். அரிசி பருப்போடு அது நின்றுவிடவில்லை. மையத்துக்கு ஓர் அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று ஆட்கள் வந்தார்கள். ஆட்சிகள் மாறின, முட்டை சேர்ந்தது, கலவை சாதம் வந்தது, திட்டம் கைவிடப்படவில்லை. 2022 செப்டம்பரில் காலை உணவும் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் பரவியது. ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு பள்ளிக்கும், ஓர் ஆளின் கையால் ஒரு சேவை போய்ச் சேர்வது எப்படி என்று நமக்குத் தெரியும். இந்தியாவுக்கே நாம்தான் வழி காட்டினோம்.

அப்படியிருக்க, சோறு தினமும் வரும் பள்ளிக்கு மருத்துவம் மட்டும் ஆண்டில் ஒருநாள் வருவது ஏன்?

இடைப்பட்ட நாள்களில் அந்த வேலையெல்லாம் யார் தலையில் விழுகிறது என்று ஆசிரியர்களைக் கேளுங்கள். வாரம் ஒருமுறை இரும்புச்சத்து மாத்திரையை ஆசிரியர்தான் கொடுக்கிறார். வெறும் வயிற்றில் விழுங்கிய பெண்பிள்ளைக்குக் குமட்டுகிறது. அடுத்த வாரம் அவள் மாத்திரையை வாயில் போட்டதாகக் காட்டிவிட்டு ஜன்னலுக்கு வெளியே வீசுகிறாள். கணக்கில் மாத்திரை போய்ச் சேர்ந்துவிட்டது. நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்பிள்ளைகளில் ரத்தசோகை உள்ளவர்கள் 59 விழுக்காடு என்று ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் இருந்ததைவிட இது அதிகம். இத்தனை ஆண்டு மாத்திரை கொடுத்தும் இப்படி என்றால், மாத்திரையைக் கொடுக்கும் முறையில் கோளாறு இருக்கிறது. சாப்பிட்ட பிறகு விழுங்கு, கறுப்பாக மலம் போனால் பயப்படாதே, மாதவிலக்கு எத்தனை நாள் இருக்கிறது, அதிகமாகப் போகிறதா என்று தனியாக உட்கார வைத்துப் பேசுவதற்கு ஒரு பெண் வேண்டும். கணக்குப் பாடத்துக்கும் ஆங்கிலப் பாடத்துக்கும் நடுவில் ஓடும் ஆசிரியையால் அது முடியாது. 2020-இல் தொடங்கிய பள்ளி நலத் திட்டம் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களை உடல்நலத் தூதுவர்களாக்கியது. அவர்கள் நல்லவர்கள், உழைப்பவர்கள். ஆனால் தூதுவர் நோய் பார்க்க முடியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தொண்டைப் புண்ணை அலட்சியம் செய்ததால் இதய வால்வு கெட்டுப்போகும் வாத இதயநோய் இன்னும் நம் ஏழைப் பிள்ளைகளிடம் இருக்கிறது. அந்தப் பிள்ளைக்கு மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி, பல ஆண்டுகள் தவறாமல் போட வேண்டும். அறுவை சிகிச்சைக்கு நம்மிடம் அரசுக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. அதனால் பிழைத்த பிள்ளைகள் ஏராளம். ஆனால் அறுவை வரை போகாமல் தடுக்கும் மலிவான ஊசியின் தேதியை யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்? பிள்ளையின் வகுப்பும் வீடும் தெரிந்த ஒருவர், இன்னிக்கு உனக்கு ஊசி நாள், பி.எச்.சி.க்குப் போகலாம் வா என்று சொன்னால் போதும்.

நிதித்துறையில் இருக்கும் நண்பர் ஒருவரிடம் இதைப் பேசினேன். பக்கத்திலேயே ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறதே, கிராம சுகாதாரச் செவிலியர் இருக்கிறாரே, மறுபடி எதற்கு ஒரு பதவி என்று கேட்டார். நியாயமான கேள்வி. கிராம சுகாதாரச் செவிலியருக்குக் கர்ப்பிணிகள், பிரசவம், தடுப்பூசி, சர்க்கரை, ரத்த அழுத்தம் என்று ஏற்கெனவே தலைக்குமேல் வேலை. ஆரம்ப சுகாதார நிலையம் புறநோயாளிகளைப் பார்க்கும் நேரமும் பள்ளி நடக்கும் நேரமும் ஒன்று. பிள்ளை தானாக அங்கே போகாது. அழைத்துப் போக ஒரு பெரியவரின் கூலி போக வேண்டும். பள்ளியில் மட்டும்தான் பிள்ளையைத் தேடிப் போக வேண்டியதில்லை. ஆண்டில் இருநூறு நாளுக்கு மேல் அது அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. மருத்துவத்துக்கு இதைவிட வசதியான இடம் கிடையாது.

செலவு இருக்கிறது, மறுக்கவில்லை. எல்லாப் பள்ளிக்கும் ஒரே ஆண்டில் முடியாது என்பதும் தெரியும். அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் தொடங்கலாம். ஒரு நர்ஸ் அந்தப் பள்ளியையும், சுற்றியுள்ள தொடக்க, நடுநிலைப் பள்ளிகளையும் நாள் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். சம்பளமும் மருந்தும் சுகாதாரத் துறையின் பொறுப்பு. அறையும் தண்ணீரும் மின்சாரமும் கல்வித் துறையின் பொறுப்பு. எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு: அது நிரந்தரப் பணியிடமாக இருக்க வேண்டும். தொகுப்பூதியத்தில் பதினொரு மாதத்துக்கு ஆள் எடுத்தால், பிள்ளைகளின் பெயர் மனதில் பதியும்போது அந்த நர்ஸ் வேறு வேலை தேடிப் போயிருப்பார். பதின்பருவப் பெண் தன் உடம்பைப் பற்றி ஒருவரிடம் வாய்திறந்து பேசவே ஓர் ஆண்டு ஆகிறது.

நிறுவனங்கள் பள்ளிகளுக்கு உதவ முன்வருகின்றன. கழிப்பறை, கை கழுவும் தொட்டி, வண்ணம் பூசிய அறை எல்லாம் வருகின்றன, நன்றி. ஆனால் திறப்பு விழாப் படத்தில் தெரியாத செலவை அரசுதான் ஏற்க வேண்டும். சம்பளச் சீட்டில் பெயர்ப்பலகை மாட்ட முடியாது. அதனால்தான் அது பொதுப் பணத்தின் கடமை.

மாணவியரே, உங்களில் பலர் பயிற்சி முடிந்து பெரிய மருத்துவமனைகளுக்கும் வெளிநாடுகளுக்கும் போவீர்கள். போங்கள், நன்றாக இருங்கள். பள்ளி நர்ஸ் என்ற பதவி நம் ஊரில் வந்தால், அதைச் சின்ன வேலை என்று நினைக்காதீர்கள். லீனா ராஜர்ஸ் ஒரு மாதத்தில் செய்ததை அத்தனை மருத்துவ ஆய்வாளர்களாலும் ஐந்து ஆண்டில் செய்ய முடியவில்லை.

பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் பள்ளி மேலாண்மைக் குழு கூடும்போதும், அடுத்த கிராமசபை கூடும்போதும், எங்கள் பள்ளிக்கு ஒரு நர்ஸ் வேண்டும் என்று தீர்மானம் போடுங்கள். அதில் கட்டடம் கேட்காதீர்கள்; இருக்கும் அறை போதும். ஓர் ஆளைக் கேளுங்கள். அந்த ஆளின் சம்பளத்துக்கு வரவுசெலவுத் திட்டத்தில் தனிக் கணக்குத் தலைப்பு வேண்டும் என்று அதே தீர்மானத்தில் எழுதுங்கள். எழுதிக் கையொப்பமிட்டு, ஒரு நகலை உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் கையில் கொண்டுபோய்க் கொடுங்கள்.